பி.காம்., கைநாட்டு

பரமசிவத்தின் விரல்கள் சும்மா இருப்பதில்லை. சனிக்கிழமை காலையில் எங்கள் வங்கி வரிசையில் நிற்கும்போது பாஸ்புத்தகத்தைக் கவிழ்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதன் முதுகில் தட்டச்சு அடித்தபடியே நகர்வார். முன்னால் நிற்பவர் பேசுவது, சுவரில் தொங்கும் விதிமுறைப் பலகை, டீ கொண்டுவரும் எங்கள் பியூன் இஸ்மாயில் போடும் சத்தம் எல்லாம் அடிபடும். என்ன அடிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "அந்த போர்டத்தான் அடிக்கேன் மேடம். நாலாம் நம்பருக்கு அப்புறம் ஆறுல்லா வருது. அஞ்ச எங்க தொலைச்சீங்க?" என்றார். எழுந்துபோய்ப் பார்த்தேன். உண்மைதான். அந்தப் பலகைக்குக் கீழே எட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.

புனேயில் வானவடி பக்கம், பட்டாளத்துக் குடியிருப்புகளுக்கும் புதிதாக முளைத்த அடுக்குமாடிகளுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் கிளை. பரமசிவம் இங்கே ஒரு ராணுவக் கிடங்கின் அலுவலகத்தில் தட்டச்சர். சொந்த ஊர் அம்பாசமுத்திரம். வயது நாற்பத்தெட்டு. பி.காம். எழுபது பக்க டெண்டரை ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுப்பார். கிடங்கில் கிடக்கும் உதிரிபாகங்களின் எட்டு இலக்க எண்கள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதே மனிதர் போன மழைக்காலத்தில் மட்டும் நான்கு குடைகளைத் தொலைத்தார். அவருடைய சாப்பாட்டு டப்பா வாரத்தில் ஒருநாளாவது அவர் இறங்கிய பிறகும் பஸ்ஸிலேயே ஹடப்சர் வரை போய்வரும்.

பணமும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. குடி கிடையாது, சீட்டு கிடையாது. புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கூடுகிற ஜூனா பஜார்தான் வினை. நடைபாதையில் பழைய சாமான்களை விரித்துப் போட்டிருப்பார்கள். கெட்டுப்போன எதைப் பார்த்தாலும் இதைச் சரிசெய்துவிடலாம் என்று பரமசிவத்துக்குத் தோன்றிவிடும். ஒரு கண் மட்டும் தெரியும் பைனாகுலர், ஜாடி இல்லாத மிக்ஸி ஏழு, முள் இல்லாத ரயில்வே கடிகாரம். வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் போடுவார். மறுபடி பூட்டுவதற்குள் அடுத்த ஞாயிறு வந்துவிடும். "கையில துட்டு இருந்தா கை ஊறுது மேடம். வாங்கி முடிச்ச பொறவுதான் புத்தி வரும். அது வந்து என்ன செய்ய?"

2001ஆம் வருடம் வரை சம்பளம் உறையில் ரொக்கமாக வந்தது. அதனால் மாதக் கடைசியில் அவர் மனைவி சந்திரிகா அலுவலக வாசலில் போய் நிற்பார். உறையை அங்கேயே வாங்கிக்கொண்டால்தான் வீட்டு வாடகை. கூட வேலை பார்ப்பவர்கள் "கலெக்டர் மேடம் ஆ கயீ", வசூலுக்கு மேடம் வந்தாச்சு, என்று சிரிப்பார்களாம். சந்திரிகா என்னிடம் இதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. "குடிகாரன் பொண்டாட்டிதான் அப்படி வாசல்ல நிப்பா. அவுக வெத்தல பாக்குகூடப் போட மாட்டாக. ஆனா நான் நிக்கணும். பதினாறு வருசம் நின்னேன்."

அந்த வருடம் ஏப்ரலில், இனி சம்பளம் வங்கியில்தான், ஆளுக்கொரு கணக்கு எண் கொடுங்கள் என்று அலுவலகத்தில் உத்தரவு போட்டார்கள். மறுநாளே வாசலில் ஒரு தனியார் வங்கி கூடாரம் போட்டு, கணக்குத் தொடங்கியவர்களுக்கு ஒரு தோள்பையும் ஏடிஎம் அட்டையும் கொடுத்தது. பரமசிவமும் வாங்கினார். இயந்திரம் எந்நேரமும் பணம் கொடுத்தது. மூன்று மாதமும் பத்தாம் தேதிக்குள் சம்பளம் காலி. அட்டையைச் சந்திரிகாவிடம் கொடுத்து வைத்தார். பிறகு அவரிடமே கேட்டார். "கெஞ்சுவாக மேடம். புருசன் கெஞ்சும்போது எப்படிக் குடுக்காம இருக்க? குடுத்துட்டு நானும் அழுவேன்" என்றார் சந்திரிகா. அந்த ஜூலையில் அவர்கள் மகள் தீப்தியின் பள்ளிக் கட்டணம் கட்டவில்லை. வகுப்பில் அவள் பெயரை உரக்கப் படித்து எழுந்து நிற்கச் சொன்னார்கள். பத்தாம் வகுப்புப் பெண்.

அதற்குப் பிறகுதான் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தார். அட்டை வேண்டாம், காசோலைப் புத்தகம் போதும் என்றார். கணக்கைத் திறந்தவள் நான்தான். மாதிரிக் கையெழுத்து மூன்று போடச் சொன்னேன். மூன்றும் மூன்று பேர் போட்டதுபோல இருந்தன. அப்போதே கேட்டிருக்கலாம். மதியச் சாப்பாட்டு நேரம். முத்திரையைக் குத்திவிட்டு எழுந்து போனேன். வீட்டுக்காரருக்கு அவர் கொடுத்த முதல் வாடகைக் காசோலை என் மேசைக்கே வந்தது. 'கையொப்பம் வேறுபடுகிறது' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். வீட்டுக்காரர் அந்தக் காசோலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பரமசிவத்தின் குடியிருப்பு முற்றத்தில் நின்று கத்தினார் என்பது பிறகுதான் தெரியும்.

மறுநாள் பள்ளிச் சீருடையில் இருந்த மகளோடு பரமசிவம் வந்தார். வெள்ளைத் தாளை நீட்டி, பதிவில் இருப்பதுபோல ஒன்று போடுங்கள் என்றேன். போட்டார். ஒத்துப்போகவில்லை. இன்னொன்று. பதினோரு கையெழுத்து போட்டார். ஒன்றில் சுழி கூடுதல், ஒன்றில் கடைசி எழுத்தே காணோம். நெற்றி வியர்வை தாளில் சொட்டியது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மராத்திக்காரர்கள் நடுவில் தமிழில் சொன்னால் அவர் மானம் போகாது என்று ஒரு கணக்கு வேறு போட்டேன். "படிச்சவர்தானே சார் நீங்க? ஒரு கையெழுத்து ஒழுங்கா வராதா? கைநாட்டுன்னாகூட ஒரே மாதிரி விழும்" என்றேன்.

வரிசையில் யாருக்கும் புரியவில்லை. புரிந்த ஒரே ஆள் அவர் பக்கத்தில் நின்றாள். தீப்தி என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு "நான் பாஹேர் இருக்கேன்ப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் வங்கிக்குள் காலெடுத்து வைக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

ஒரு வாரம் கழித்துப் பரமசிவம் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். முகத்தில் கோபத்தைத் தேடினேன். பரீட்சையில் விடை கிடைத்துவிட்டதுபோல ஒரு தெளிவுதான் இருந்தது. "மேடம், நீங்க அன்னைக்குச் சொன்னத யோசிச்சுப் பாத்தேன். கைநாட்டு ஒரே மாதிரி விழும்னு சொன்னீங்கள்லா? ரொம்பச் சரி. இஸ்மாயில் பாய்கிட்ட விசாரிச்சேன். கைநாட்டுக் கணக்குக்குச் செக் புக் கிடையாதாம், கார்டு கிடையாதாம், ஆளு நேர்ல வரணுமாம், ஆபீசர் முன்னாடி வைக்கணுமாம். எனக்கு இந்த நாலும் வேணும்."

"சார், அது எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு..."

"இந்த ஒரு காரியத்துல எனக்குத் தெரியலியே மேடம். தெரியலன்னு எழுதித் தாரேன்."

எழுதித் தரவில்லை, அடித்துத் தந்தார். எங்கள் மேலாளர், கல்வித்தகுதிக் கட்டத்தில் பி.காம். என்றும் கையொப்பக் கட்டத்தில் கட்டைவிரலும் இருந்தால் தணிக்கைக்காரர் தன் கழுத்தைத்தான் பிடிப்பார் என்று குதித்தார். பரமசிவத்தின் விண்ணப்பம் ஒரே பக்கம். "என் கையெழுத்து ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. என் பணத்தை என்னிடமிருந்தே காப்பாற்ற வேண்டியிருக்கிறது. தங்கள் வங்கியில் இதற்கென்றே ஒரு கணக்கு இருப்பதாக அறிகிறேன்." இவ்வளவுதான், பிசிறில்லாத ஆங்கிலத்தில். கீழே இடது கட்டைவிரல். மேலாளர் இரண்டு தடவை படித்தார். தலையை நிமிர்த்தாமலே அனுமதி எழுதினார்.

கைநாட்டு என்பது நம்மவர்களுக்கு வசவு. அதை வாங்க ஒருவர் மனுப்போட்டு வந்தது அந்தக் கிளையில் அதுவே முதல் தடவை. அலுவலகத்தில் அவரை "அங்கூட்டா சாஹேப்", கட்டைவிரல் துரை, என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "டைப் அடிக்கையில இடது கட்டைவிரலுக்கு வேலையே கிடையாது மேடம். வலதுதான் ஸ்பேஸ் தட்டும். சும்மா கெடந்ததுக்கு ஒரு உத்தியோகம் கெடச்சிருக்கு" என்பார்.

சனிக்கிழமை தோறும் வந்து தொள்ளாயிரம் ரூபாய் எடுப்பார், வாரச் செலவுக்கு. மை தடவிய விரலைத் துடைக்க மாட்டார். நான் கந்தல் துணியை நீட்டினால், "நாளைக்குப் பஜார்ல கைய நீட்டும்போது இது கண்ணுல படட்டும்" என்று தடுத்துவிடுவார். இதற்கு மேலும் ஒரு ஏற்பாடு உண்டு. சனிக்கிழமை அல்லாத நாளில் அவர் வந்தால், எதற்குப் பணம் என்று நான் கேட்க வேண்டும். வாடிக்கையாளரிடம் அப்படிக் கேட்பது எங்கள் வேலை இல்லை. கேட்டே தீர வேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். ஒரு செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு இரண்டாயிரத்துக்குப் படிவத்தோடு வந்தார். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றார். எதுக்கு சார் என்றேன். "சினிமா ப்ரொஜெக்டர் ஒண்ணு..." என்று தொடங்கியவர் தானே சிரித்துவிட்டார். "வரிசையிலேயே பாதி ஆசை செத்துப்போச்சு. மீதிய நீங்க கொன்னுட்டீங்க." படிவத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

சந்திரிகா இப்போது வாசலில் நிற்பதில்லை. "அவுககூட மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போறேன். அவுக சட்டைப்பையைத் தொட்டுப் பாக்குறதில்ல. நான் பாட்டுக்கு நடக்கேன்" என்றார் ஒருநாள், கோவில் வாசலில் என்னைப் பார்த்தபோது.

இப்படிப்பட்ட மனசுக்கும் கைக்கும் இப்போது ஆங்கிலத்தில் பெயர்கள் இருக்கின்றன. ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு, ஏதோ ஈடு செய்வதுபோல, கத்தரித்து எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். "பேரு வச்சாச்சா? நல்லது. எங்க வாத்தியாரு வச்ச பேரு வேற" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அன்று நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வாய் திறக்கும்போதெல்லாம் அவர் முந்திக்கொள்வார். பக்கத்தில் நிற்பவர்களிடம், "இந்த ஏற்பாடே நீலா மேடம் சொன்னதுதான். நல்ல யோசனை" என்று அறிமுகம் செய்வார். அவர் உண்மையாகத்தான் சொல்கிறார், நான் சொன்னதன் முள் அவர் மேல் தைக்கவே இல்லை என்று நம்பிக்கொண்டேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

போன மாதம், 2004 ஜூலை, கல்லூரிச் சேர்க்கைக் காலம். வானவடியில் உள்ள பெற்றோர் எல்லாரும் வரைவோலை எடுக்க எங்கள் வங்கியில்தான். பரமசிவமும் வந்தார். தீப்திக்குப் பொறியியலில் இடம் கிடைத்திருந்தது. நாற்பத்தோராயிரம் ரூபாய்; மறுநாள் கடைசித் தேதி. கணக்கில் ஐம்பத்திரண்டாயிரம் இருந்தது. மூன்று வருடத்தில், சனிக்கிழமைகளில் எடுக்காமல் விட்டது. அந்த எண்ணை இன்னொரு தடவை படித்தேன்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே தீப்தி நின்றிருந்தாள். கூட இரண்டு தோழிகள், ஒரு ஸ்கூட்டி. வரிசையில் அந்தத் தோழிகளின் அப்பாக்கள் கையில் பேனாவோடு நின்றார்கள். நான் குரலைத் தாழ்த்தி, "சார், உள்ள லாக்கர் ரூம்ல வச்சு விரல் வச்சிடலாமே?" என்றேன்.

"எதுக்கு? உள்ள போய் வச்சா திருட்டு துட்டு மாதிரில்லா இருக்கும்? இங்ஙனயே வைக்கேன்."

மைப்பெட்டியைத் திறந்தேன். வரிசை முழுவதும் பார்க்க, எப்போதும்போல நிதானமாக விரலை உருட்டி வைத்தார். நான் பக்கத்தில் சான்றொப்பம் போட்டேன். அரை மணியில் வரைவோலை தயாரானது. வாங்கியவர், "துணி இருக்கா மேடம்?" என்றார். அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கந்தலைக் கொடுத்தேன். அழுத்தித் துடைத்தார். எச்சில் தொட்டுத் துடைத்தார். மை கொஞ்சம் கலங்கி நகக்கண்ணில் போய் நின்றுகொண்டது.

வெளியே போனார். தோழிகள் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். வலது கையில் குடையும் பாஸ்புத்தகமும் இருந்ததால் வரைவோலை இடது கையில் இருந்தது. அதை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகி மகளிடம் நீட்டினார். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மறைத்திருந்தார்.