மாஸ்டரின் வலது கால்

படகு கரையை விட்டு நகர்ந்ததுமே மாஸ்டரின் வலது கால் பிரேக்கைத் தேட ஆரம்பித்துவிடும். அலை ஏறினால் ஓர் அழுத்து, இறங்கினால் இரண்டு அழுத்து. எதிரே இன்னொரு படகு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், "லெஃப்ட்ல ஒதுங்கு, லெஃப்ட்ல ஒதுங்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே பலகையை மிதித்துத் தள்ளிவிடுவார். கடலில் லெஃப்ட் எது என்று படகுக்காரர் ஒருமுறை சந்தேகம் கேட்டார். மாஸ்டர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேல் காலை வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்தவர். அடுத்தவர் கையில் இருக்கும் எதுவும் எதன் மேலாவது இடிக்கத்தான் போகிறது என்பது அவருடைய தீர்மானம். முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தால்கூடக் கத்தரி காதுப் பக்கம் வரும்போது பிரேக் போடுவார்.

இப்பேர்ப்பட்டவரை மகள்தான் டிக்கெட் போட்டு, விடுதி பார்த்து, அம்மாவோடு இந்தத் தீவுக்குத் தள்ளிவிட்டாள். விடுதி அறையோடு ஒரு சின்னக் காரும் கொடுத்தார்கள். தீவைச் சுற்றி ஒரே ரோடு. சிக்னல் கிடையாது, லாரி கிடையாது, போகிற வருகிற வண்டியை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதைப் பார்த்ததும் மாஸ்டர் வீட்டம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே ஒரு தடவை தான் ஓட்ட வேண்டும்.

இதில் ஒரு கூத்து. மாஸ்டரிடம் சேர்ந்த முதல் மாணவியே அந்த அம்மாள்தான். முதல் டெஸ்டிலேயே பாஸாகி லைசென்ஸும் வாங்கினார், கையோடு மாஸ்டரையும் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவிடவில்லையே இந்த மனிதர்! ஊரில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவர், பெண்டாட்டி கேட்டால் மட்டும் ரோடு சரியில்லை என்பார், மழை வரும்போல் இருக்கிறது என்பார், கிளட்ச் மக்கர் பண்ணுகிறது என்பார். அம்மாளும் விடாமல் லைசென்ஸைப் புதுப்பித்துப் பத்திரமாக வைத்திருந்தார். தீவுக்கும் கொண்டுவந்திருந்தார். இங்கே ரோட்டைக் குறை சொல்ல வழியில்லாததால் மாஸ்டர் "நாளைக்கு" என்றார். நாளைக்கு, நாளைக்கு என்றே விடுமுறை கரைந்து இரண்டு நாள்தான் பாக்கி.

அப்போதுதான் அந்தக் கால் காலை வாரியது. மீன் பார்க்கப் போன படகு திரும்பும்போது கரையை நோக்கிக் கொஞ்சம் விரைவாகவே வந்தது. மாஸ்டர் படகில் இருந்த அத்தனை பேரையும் காப்பாற்றுகிற வேகத்தில் போட்டார் ஒரு பிரேக். படகு அதுபாட்டுக்கு மெல்ல வந்து நின்றது. மாஸ்டரின் கணுக்கால்தான் குறுக்குக் கட்டையில் மாட்டிப் பிசகிக்கொண்டது. படகுக்காரர் கயிறு கட்டுகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

அம்மாள் மாஸ்டரின் சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்தார். அவரைக் கைத்தாங்கலாகப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. ஆனால் அந்த வீங்கிய கால் சும்மா இருந்தால்தானே? வளைவு வந்தால் மிதிப்பார், "ஐயோ" என்பார். கோழி ஒன்று ரோட்டோரம் நின்றாலும் மிதிப்பார், "அம்மா" என்பார். இப்படி நாலைந்து தடவை அலறியதும் அம்மாள் வண்டியை ஓரங்கட்டினார்.

"வலிக்குதுன்னு தெரிஞ்சும் எதுக்கு மிதிக்கிறீங்க?"

"பழக்கம். அதுவா போகுது."

"பழக்கம் இல்லைங்க, பயம். ஊர்ல யார் யாரையோ நம்பி ரோட்டுல விடுறீங்க. என்னைத்தான் விடல. நீங்க மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா?"

மாஸ்டர் குனிந்து வீங்கிய காலைத் தடவிக்கொண்டார். மற்றவர்கள் இடித்தால் பம்பர் போகும். இவளுக்கு ஒன்று என்றால் தன் உயிரே போய்விடும். அதுதான் உண்மை. ஆனால் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். விடுதி வரை கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தார். அப்படியும் கால் இரண்டு முறை மிதித்துவிட்டது.

மறுநாள் மாஸ்டர், ஊர் திரும்பும் படகு நிற்கும் துறைக்குப் போக வாடகை வண்டி கிடைக்குமா என்று விடுதிக்காரரிடம் விசாரித்தார். காலையில் வரச் சொல்கிறேன் என்றார் அவர். வேண்டுமானால் இந்தச் சின்னக் காரிலேயே போய்த் துறையில் விட்டுவிடலாம், ஆள் போய் எடுத்துக்கொள்வார் என்றும் சொன்னார். எல்லாம் அம்மாள் காதில் விழுந்தது. சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் பெட்டி அடுக்கப் போய்விட்டார். அதற்கப்புறம் அன்று முழுக்க "சாப்பிட வாங்க" என்பதைத் தவிர ஒரு பேச்சில்லை. மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை.

கிளம்புகிற காலை வாடகை வண்டி வாசலில் வந்து ஹாரன் அடித்தது. துறைக்குப் போகிற வழிதான் தீவிலேயே பொல்லாத வழி. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே கடல், வளைந்து வளைந்து இறங்கும். மாஸ்டர் நொண்டிக்கொண்டே போய் வண்டிக்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

மாஸ்டர் அறைக்குள் வந்து, மேஜை மேல் இருந்த சாவியை எடுத்து அம்மாளிடம் நீட்டினார்.

"நேரமாகுது. வண்டிய எடு."

அம்மாள் சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு போய் ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, கைநீட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

மாஸ்டர் அந்தக் கதவைச் சாத்தினார். பின்கதவைத் திறந்து ஏறி, பெட்டியின் மேல் சாய்ந்து, இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின் மேல் நீட்டிக்கொண்டார்.