டிஷ்ஷில் வராத தெரு சேனல்

மொட்டை மாடியில் ஏறி டிஷ் மாட்டுவது சுலபமான வேலை; மாட்டிவிட்டுக் கீழே இறங்கி வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம். வீடு வீடாகப் போய் எதையாவது பொருத்திக் கொடுத்து, பொருத்திய பாவத்துக்கே திட்டு வாங்கும் சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாயிரத்தைத் தாண்டிய வருஷங்கள். கேபிள்காரர்கள் ராஜ்ஜியம் நடந்துகொண்டிருந்த திருவொற்றியூர்ப் பக்கம் வீட்டு டிஷ் மெல்ல எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. நான் ஒரு டிஷ் கடையில் தற்காலிக ஆள். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "பொங்கல் வரைக்கும் நீ மாட்டின டிஷ் ஒண்ணுகூட கழண்டு கடைக்கு வரக் கூடாது. வந்திச்சின்னா வேலை பெர்மனென்ட் ஆவாது." உப்புக்காற்றில் போல்ட் துருப்பிடிக்குமே என்றுதான் பயந்தேன். என் வேலைக்கு உலை வைக்கப் போவது கேபிள்காரரின் சேனல் என்று கனவிலும் நினைக்கவில்லை.

முதலை வீட்டு விசேஷம்

முதல் டிஷ் தண்டையார்பேட்டையில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் வீட்டில். செய்தி, சினிமா, சீரியல், வெள்ளைக்காரன் சமையல், முதலை முட்டையிடுவது என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தவர், "இப்ப நம்ம கேபிள் சேனலப் போடு" என்றார்.

அந்தக் காலத்தில் ஏரியாவுக்கு ஏரியா கேபிள்காரரே ஒரு சேனல் நடத்துவார். ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை, ஒரு பிளேயர், ஒரு கம்ப்யூட்டர், நிலையம் தயார். மத்தியானம் பழைய படம். படத்துக்கு அடியில் ஓடுகிற வரிகளில் பிறந்தநாள் வாழ்த்து, காதுகுத்து, தண்ணீர் லாரி வரும் நேரம், கண்ணீர் அஞ்சலி. அது கேபிள் ஒயரில் மட்டும்தான் வரும், வானத்துக்குப் போகாது, அதனால் டிஷ்ஷில் இறங்காது என்று பக்குவமாகச் சொன்னேன். அவர் ரிமோட்டை என் மடியில் வைத்தார்.

"முதலை வூட்டு விசேஷத்தலாம் காட்டுற நைனா, நம்ம தெரு விசேஷத்தக் காட்ட மாட்டேன்ற. இன்னா கணக்கு இது?"

ராக்கெட்காரன் நம்பர்

கிரேன்காரர் புலம்பியதோடு விட்டுவிட்டார். ராயபுரத்தில் அவ்வளவு லேசாக விடவில்லை. அங்கே ஒருவர் கிரிக்கெட் பார்ப்பதற்காகக் கேபிளை நிறுத்திவிட்டு அவசர அவசரமாக டிஷ் மாட்டிக்கொண்டார். மறுநாள் அவர் மகனுக்கு முதல் பிறந்தநாள். தொப்பி போட்ட குழந்தையின் போட்டோவைக் கேபிள் சேனலில் காட்டச் சொல்லி அவர் மனைவி முன்பே கொடுத்து வைத்திருந்தார். அதைக் கணவரிடம் சொல்லியிருந்தாராம். கணவர் காதில் கிரிக்கெட் கமென்ட்ரி மட்டும்தான் விழும்.

சாயங்காலம் சொந்தபந்தமெல்லாம் கேக்கை நடுவில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தது. குழந்தை வரவில்லை. கடைசியில் கேக்கையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு மொத்தக் கூட்டமும் பக்கத்து வீட்டு டிவிக்குப் போய், அங்கேயே மெழுகுவத்தி ஊதியது. காலையில் எனக்கு அழைப்பு வந்தது. ராக்கெட், செயற்கைக்கோள், டிஷ் என்று வரிசையாக விளக்கினேன். அந்த அம்மா முழுவதையும் கேட்டார்.

"அந்த ராக்கெட் உடறவன் நம்பரக் குடுண்ணா. கொயந்த போட்டோவ அவனாண்ட நானே குடுத்துக்கறேன்."

பெருமைக்கு ஒன்று, பார்க்க ஒன்று

வண்ணாரப்பேட்டையில் நான் டிஷ் மாட்டிக் கொடுத்திருந்த துணிக்கடை பாய் ஒருவர் நோன்பு ஆரம்பித்ததும் கூப்பிட்டனுப்பினார். அவர்கள் பள்ளிவாசலில் நடக்கும் பயான் சொற்பொழிவு கேபிள் சேனலில்தான் வரும். கழற்றச் சொல்லப் போகிறார் என்று பயந்துகொண்டே போனேன்.

"டிஷ்ஷ கழட்டிடாத தம்பி. சம்பந்தி வூட்டுக்காரங்க வர்றப்ப மாடில தெரியணும். நான் பாக்கறதுக்கு மட்டும் அந்தக் கேபிள்காரர வரச் சொல்லிட்டுப் போ."

எதிரி கொடுத்த டீ

ஆக, டிஷ் மாட்டிய வீட்டுக்குக் கேபிள் இழுக்கச் சொல்லி, டிஷ்காரனே கேபிள்காரர் வாசலில் போய் நின்ற பெருமை எனக்குத்தான். அடிப்பார் என்று நினைத்தேன். டீ வரவழைத்தார். உங்கள் ஒயரை நான் அறுக்கவில்லை, என் டிஷ்ஷைக் கழற்ற வைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார்.

"உன் டிஷ்ல உலகம் தெரியும் தலைவா. என் சேனல்ல பாக்கறவன் மூஞ்சியே தெரியும். எத்தப் பாப்பான், நீயே சொல்லு?"

ஏகாம்பரத்தின் சைக்கிள்

பொங்கலுக்குச் சில நாள்தான் பாக்கி. ஒரு டிஷ்கூடத் திரும்பவில்லை. எண்ணூரில் ஏகாம்பரம் என்று ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவருக்கு நான் டிஷ் மாட்டியிருந்தேன். சில தெரு தள்ளி துரை என்று அவருடைய சிநேகிதர் இருந்தார். ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிஃப்ட், ஒரு டிபன் பாக்ஸில் இரண்டு பேர் சாப்பாடு. துரை ஒரு காலையில் திடீரென்று போய்விட்டார். வீட்டார் வழக்கம்போல் கண்ணீர் அஞ்சலிக்குப் போட்டோவைக் கேபிள் சேனலில் கொடுத்தார்கள். டிவியில் போட்டால் ஏரியாவுக்கே சொன்ன மாதிரி. தனியாக யாரும் ஆள் அனுப்புவதில்லை.

அன்று முழுக்க ஏகாம்பரம் டிவி முன்னால்தான் இருந்திருக்கிறார், டிஷ் காட்டியதைப் பார்த்துக்கொண்டு. ஊரே துரைக்கு மாலை போட்டது. அவர் மட்டும் இல்லை. மறுநாள் டீக்கடையில்தான் தெரிந்ததாம். ஓடிப்போய் நின்றவரிடம் துரையின் மனைவி, "நேத்து உடம்பு சரியில்லியாண்ணே?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அங்கிருந்து நேராகத் தன் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறியிருக்கிறார் ஏகாம்பரம்.

டிஷ்ஷையும் அதன் பெட்டியையும் தானே கழற்றி, சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். என் வேலைதான் அந்தக் கேரியரில் வந்து இறங்குகிறது என்று தெரிந்தும் நானே கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேலையைப் பற்றிப் பேச எனக்கு வெட்கமாக இருந்தது. முதலாளிதான் கெஞ்சினார்: பெட்டியில் என்ன கோளாறு, சொல்லுங்கள், இப்போதே சரிசெய்து தருகிறேன்.

"பொட்டில ஒரு கோளாறும் இல்ல சார். எந்தெந்த தேசத்துலயோ எவனெவனோ செத்தத நாள் பூரா சொல்லிகினே கீது. என் துரை செத்தத சொல்லல."

ஆக, பொங்கலுக்கு நான் பெர்மனென்ட் ஆகவில்லை. அந்த டிஷ்ஷை மட்டும் முதலாளி நன்றாகத் துடைத்து, புது அட்டைப்பெட்டியில் போட்டு, தற்காலிக ஆளான என் கையிலேயே அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.