உள்ளே போன பச்சைப் புள்ளிகள்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் 'நாலு கழுவல்'. செல்கள் வளரும் கண்ணாடித் தட்டை உப்புக் கரைசலால் மூன்று முறை கழுவினால் போதும் என்பது அங்கே விதி. அவள் நான்காவது முறையும் கழுவுவாள். ஏன் என்று கேட்டால், "என் மன நிம்மதிக்கு" என்பாள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்கு வந்தவள். பத்து வருடம் தொட்டியின் முன்னால் நின்றாள். மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் பிரசவ விடுப்பில் போனபோது, தற்காலிகம் என்று சொல்லி இவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். போனவள் திரும்பி வரவில்லை; உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. முதல் நாள் உயிருள்ள ஒரு செல்லைத் திரையில் பார்த்தபோது இமைக்க மறந்து, கண்ணில் நீர் வழிய அப்படியே இருந்தாள். தாலி கட்டிய கணவனைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

இந்த மாதம் தைராய்டு செல்கள். செல்லின் வெளிச்சவ்வில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. அவை பச்சையாக ஒளிரும்படி செய்திருந்தார்கள். சவ்வின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஜி-புரதம் சிவப்பாக ஒளிரும். ஹார்மோன் வந்து ஒட்டியதும் ஏற்பி ஜி-புரதத்தை உசுப்பும். அது செல்லுக்குள் சேதியைக் கிளப்பும். சேதியின் அளவைத் திரையோரத்தில் ஒரு கோடு ஏறி இறங்கிக் காட்டும்.

ஹார்மோனைக் கழுவிவிட்டால் கோடு இறங்க வேண்டும். அவள் தட்டில் இறங்கவில்லை. பச்சைப் புள்ளிகள் சின்னச் சின்னப் பைகளில் ஏறிச் செல்லுக்குள் போயின. சிவப்பும் அவற்றைத் தேடிக்கொண்டு போனது. அரை மணி நேரமாகியும் கோடு மேலேயே நின்றது.

கூடத்தின் தலைவியான டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"ஹார்மோன் மிச்சம் இருக்கு. கழுவினது சரியில்லை."

"நாலு தடவை கழுவினேன் மேடம்."

"நாப்பது தடவை கழுவுங்க. சரியா கழுவணும்ல?"

"உள்ள போன பிறகும் அது சேதி அனுப்புதோன்னு..."

"வேற இடங்கள்ல அப்படிப் பாத்திருக்காங்க. நம்ம செல்லுலயும் நடக்குதுன்னு சொல்லணும்னா சுத்தமான சாட்சி வேணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். அப்பவும் இப்படின்னா மைக்ராஸ்கோப்புக்கு வேற ஆள் போடுறேன். நீங்க தொட்டிக்கே போயிடுங்க."

தொட்டி என்ற ஒரு சொல் அவள் நெஞ்சில் கல்லாக விழுந்தது.

அவள் கணவன் எலக்ட்ரீசியன். அன்று மாலை அடுப்படியில் மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏங்க, காலிங் பெல்லை ஒருத்தன் அமுக்குறான். பட்டன் சுவத்தை விட்டுக் கழண்டு வீட்டுக்குள்ள போயிடுது. போயும் பெல் அடிச்சிட்டே இருக்கு. ஏன்?"

"இதுக்கு என்னைக் கூப்பிடாத. மந்திரவாதியைக் கூப்பிடு."

"விளையாடாதீங்க. வாசல்ல இப்ப ஆளே இல்ல."

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். "அமுக்கின விரலையும் சேத்து உள்ள இழுத்துக்கிச்சோ என்னவோ."

அவள் அவனையே பார்த்தாள். ஏற்பி ஹார்மோனையும் பிடித்தபடியே உள்ளே போயிருந்தால், வெளியே எத்தனை முறை கழுவினாலும் தண்ணீர் அதன் மேல் படாது. அப்படியானால் குறை அவள் கையில் இல்லை. ஆனால் டாக்டரம்மாவிடம் இதை எப்படி நிரூபிப்பது?

வியாழக்கிழமை காலை, கலங்கிய மனத்தோடு தட்டை வைத்தாள். ஹார்மோனை விட்டாள், கழுவினாள். கோடு மளமளவென்று கீழே விழுந்தது.

அவளுக்கு உயிரே போய்விட்டது. இன்று இறங்கிவிட்டது என்றால் இதுவரை கழுவியதெல்லாம் தப்புத்தானே? தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தவளின் கை, மைக்ராஸ்கோப்பைச் சுற்றியிருந்த கண்ணாடிக் கூண்டில் பட்டது. ஏசி குளிரில் சில்லென்று இருந்தது. உடல் சூட்டிலேயே செல்களை வைத்திருக்க, தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகவே போட்டுவைக்கும் ஹீட்டரை இன்று அவள் போடவே இல்லை.

திரையைப் பார்த்தாள். ஒரு பச்சைப் புள்ளிகூட உள்ளே போகவில்லை. எல்லாம் குளிரில் ஓரத்திலேயே உறைந்து நின்றன.

அதே கை. அதே கரைசல். உள்ளே போகவில்லை, சேதி நின்றுவிட்டது.

இதைச் சொல்ல வேண்டுமானால் ஹீட்டரை மறந்ததையும் சொல்லியாக வேண்டும். பத்து நிமிடம் தவித்தாள். பிறகு எழுந்து போய்ச் சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. படத்தை நெருங்கி வந்து பார்த்தார். "குளிர்ல செல்லுல எல்லா வேலையும்தான் மந்தமாகும். இது சாட்சி ஆகாது." திரையில் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "ஆனா நல்ல கேள்வி. சூட்டுலயே வச்சு, உள்ள போறதை மட்டும் தடுத்துப் பாத்தா?"

பைகள் சவ்விலிருந்து பிரியாமல் தடுக்கும் ஒரு மருந்து குளிர்பெட்டியில் இருந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு தட்டுகள். ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் கரைசல். இரண்டிலும் ஹார்மோனை விட்டு டாக்டரம்மாவே கழுவினார். அவள் பக்கத்தில் கைகட்டி நின்றாள்.

மருந்து விட்ட தட்டில் பச்சை ஓரத்திலேயே நின்றது. கோடு விழுந்தது. மற்றதில் பச்சை உள்ளே போனது, சிவப்பும் போனது. முப்பது நிமிடம் கோடு அசையவில்லை.

"எனக்கும் கழுவத் தெரியலை போலிருக்கே" என்றார் டாக்டரம்மா.

அவளால் சிரிக்க முடியவில்லை. "அப்ப நான் தொட்டிக்கு..."

"தொட்டியைப் பாத்துக்க ஆள் இருக்கு. இன்னும் மூணு நாள் இதையே திரும்பச் செய்யணும். நீங்களே கழுவுங்க."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். திரையில் ஒரு பச்சைப் பை ஓரத்தை நோக்கி மெல்ல நகர்வதுபோல் இருந்தது.

"மேடம், உள்ள போனது திரும்பி வருமா?"

டாக்டரம்மா இன்னொரு நாற்காலியை இழுத்தார். "பாப்போம். கேமராவை நிறுத்தாதீங்க."