மாமா காட்டிய மூலை

ஈப்போவில் அப்பா கார் பட்டறை வைத்திருந்தார். பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டை ஒட்டி ஒரு தகரக் கூரை, சிமெண்டுத் தரை, இரண்டு கார் நிற்க இடம், அவ்வளவுதான். ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கிவிட்டு, அட்டையை விரித்து அதன் அடியில் ஊர்ந்து போவார். ஒருநாள் ஜாக்கி நழுவி அவர் தோளைப் பதம் பார்த்தது. அதன் பிறகு அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் பழைய லிஃப்ட் ஒன்றை வாங்கினார். இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே கார் ஆள் உயரத்துக்கு மேலே ஏறிவிடும். கீழே நின்றபடியே வேலை பார்க்கலாம்.

விற்ற சீனர் ஒன்றை மட்டும் மலாய் மொழியில் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார். தூண் நிற்கப்போகும் இடத்தில் துளை போட்டுத் தரையின் கனத்தைப் பார்க்க வேண்டும். நாலு இஞ்சிக்குக் குறைந்தால் தூணைத் தரையோடு முடுக்கும் போல்ட்டு பிடிக்காது, தூண் காரோடு சாய்ந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், அந்தத் தரையைப் போட்டவர் மாமா. அம்மாவின் அண்ணன். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் கைமாறியதும் ஈப்போவுக்கு வந்து கொத்து வேலையில் நிமிர்ந்தவர். தங்கச்சி வீடு என்று பார்த்துப் பார்த்துப் போட்ட தரை, ஆறு இஞ்சி என்று பல முறை சொல்லியிருக்கிறார். அதைத் துளைத்துப் பார்ப்பதென்றால் அவர் பேச்சைச் சந்தேகிப்பதாகிவிடும். வீட்டில் இரண்டு நாள் யாருக்கும் சோறு சரியாக இறங்கவில்லை.

கடைசியில் அம்மாதான் வழி கண்டுபிடித்தார். “காது குத்தவே மாமன் மடி வேணும்லா. தரையில குத்தறதுக்கும் எங்கண்ணனே எடம் காட்டட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை சூடம், எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். எனக்குப் பத்து வயது. காலில் சக்கரம் கட்டியவள் என்று பெயர் வாங்கியிருந்தேன். தூண்கள் வரும் இடங்களில் அப்பா சாக்பீஸால் வரைந்திருந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடிந்ததிலிருந்து குதித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்களும் அன்று எனக்குச் சளைக்கவில்லை. அப்பா டிரில்லின் ஒயரைச் செருகுவதும் பிடுங்குவதுமாக இருந்தார். அம்மா அடுப்படிக்கும் பட்டறைக்கும் நடந்தார். மாமா வந்தவர் உட்காரவே இல்லை.

சூடம் காட்டி முடித்ததும் மாமா கட்டங்களைத் தாண்டிச் சுவரோரம் போய் நின்றார்.

“மாப்ள, மொத ஓட்டை ஈசான மூலையிலதான் போடணும்.”

“மச்சான் சொன்னா சரிலா” என்று அப்பா அங்கேயே துளைத்தார். நுனியைக் கொக்கியாக வளைத்த கம்பியை உள்ளே விட்டு, தரையின் அடிப்பக்கம் மாட்டியதும் மேலே நகத்தால் குறித்துக்கொண்டு வெளியே இழுத்து அளந்தார். ஆறேகால் இஞ்சி! அம்மா அதைக் கைப்பேசியில் படமெடுத்துத் தெலுக் இந்தானில் இருக்கும் பெரியம்மாவுக்கு அனுப்பியும் விட்டார். அப்பா ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

நான் கட்டத்துக்குள் நின்றபடி கேட்டேன், “அப்பா, தூணு இங்கதானே நிக்கப்போவுது?”

அம்மா நறுக்கென்று தலையில் குட்டினார். “பெரியவங்க இருக்கறப்ப வாய மூட மாட்டியா?”

“சின்னப் புள்ளதானே, விடு. எல்லாம் ஒரே தரைதான்” என்றார் அப்பா, ஒயரைச் சுருட்டியபடியே.

மாமா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவின் கையிலிருந்து டிரில்லை வாங்கி, என்னை நகரச் சொல்லிவிட்டு, அந்தக் கட்டத்தில் துளைத்தார். வைத்த கொஞ்ச நேரத்திலேயே அது பொசுக்கென்று உள்ளே இறங்கிவிட்டது. கம்பியை விட்டு இரண்டு முறை அளந்தார்.

“ரெண்டரை” என்றார். “அன்னிக்கு மழ புடிச்சிக்கிச்சு. நடுவுல மண்ணு சரியா வெட்டல போல.”

தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அம்மா அழுதார். என் வாயால்தான் மாமா உறவே அறுந்தது என்று நினைத்து அந்த வாரம் முழுக்க நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு மாமா இரண்டு ஆட்களோடு வந்தார். நேராகப் பட்டறைக்குப் போய் இரண்டு கட்டங்களையும் உடைத்து, ஆழமாகத் தோண்டிக் கம்பி கட்டினார். கலவை கொட்டுமுன் என்னைக் கூப்பிட்டு அளவு நாடாவைக் குழிக்குள் பிடிக்கச் சொன்னார்.

“எத்தன?”

“பன்னெண்டு, மாமா.”

“சத்தமா சொல்லு. ஒங்கப்பாவுக்குக் கேக்கட்டும்.”

கத்திச் சொன்னேன். அம்மா சோறு போட்டார், மாமா சாப்பிட்டார். எனக்கு உயிர் வந்தது.

அப்பா கட்டங்களை மறந்துவிட்டார், நான் நினைவுபடுத்தினேன் என்றுதான் பல வருடம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். ஒரு நட்டை முடுக்கிவிட்டு மூன்று முறை தொட்டுப் பார்க்கிற மனிதர் எப்படி மறப்பார் என்று யோசிக்கும் வயதில்லை. அப்பா மறக்கவில்லை. அம்மாவின் அண்ணன் முகம் வாடக் கூடாதே என்று, மறுநாள் முதல் அந்தத் தூண்களுக்கு நடுவே போய் நிற்கத் துணிந்துதான் ஒயரைச் சுருட்டியிருக்கிறார். நினைத்தால் இப்போதும் அவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.