கலியபெருமாள் சார் கொடுக்காத அனுமதி

கலியபெருமாள் சார் இறந்த செய்தியை எனக்குப் போனில் சொன்னது பில்லிங் கவுண்டர் சுமதி. வேலைக்குப் போக டவுன் பஸ்ஸை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தேன். "மேடம், நம்ம கலியபெருமாள் சார் ஐ.சி.யூ.லயே போயிட்டாருங்க" என்றாள். நான் வாய் திறப்பதற்குள், "அவரு ரிப்போர்ட்ட இப்பதான் தொறந்து பாத்தேன். என்ன வியாதி தெரியுமா..." என்று ஆரம்பித்தாள். "சொல்லாத சுமதி" என்று போனை வைத்துவிட்டேன். மனிதர் கண்ணை மூடி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் ரிப்போர்ட்டைத் திறந்தாயிற்று. அதுவும் யாருடைய ரிப்போர்ட்டை? எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

எங்கள் தனியார் ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸைப் பல வருடம் பார்த்துக்கொண்டவர் அவர். நானும் அவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். டாக்டர்கள் கேட்கும் கணக்குகளை டேட்டாபேஸிலிருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. நாங்கள் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி முழுவதற்கும் ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்ட். கேன்டீனில் டீ ஆற்றுகிறவருக்குக்கூட அது தெரியும். சார் வந்த வேகத்தில் அதை மூடிவிட்டு, ஆளுக்கொரு யூசர் போட்டுக் கொடுத்தார். ரிசப்ஷனில் இருப்பவர்களுக்கு நோயாளியின் பெயர், வயது, டாக்டர், டோக்கன் தெரியும். மருந்துக்கடைக்கு மருந்துச் சீட்டு தெரியும். பரிசோதனை முடிவுகள் இருக்கும் அட்டவணையை (டேபிள் என்போம்) லேபும் வைத்தியம் பார்க்கிற டாக்டரும் மட்டும்தான் படிக்கலாம். "எங்க மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்று சண்டைக்குப் போகாத ஆளில்லை. "நம்பிக்கைக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? உங்க வேலைக்கு வேண்டியது இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்பார். தன் அன்றாட யூசருக்கே அந்த டேபிளைப் படிக்கும் அனுமதியை அவர் வைத்துக்கொள்ளவில்லை. சிடுமூஞ்சி என்று பேர் வாங்கினார். சிடுமூஞ்சிதான், அதை மறைப்பானேன்.

ஒரு நர்ஸ் சிங்கப்பூருக்குக் கிளம்பினாள். வழியனுப்பு விழா முடிந்து, தான் பார்த்த நோயாளிகளைப் பற்றி அடுத்தவளிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் அவள் யூசர் வேலை செய்யவில்லை. "அல்வாவ முழுங்கறதுக்குள்ள என்னைத் தூக்கிட்டீங்களே சார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேலைய விட்டாச்சுன்னா யூசரும் போயிடணும்மா. போற எடத்துல நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்து இன்னொரு துண்டு அல்வா எடுத்துக்கொண்டார். எனக்கே அன்று அவரை நாலு வார்த்தை கேட்கலாம் போலிருந்தது.

அவர் இவ்வளவு கறாராக இருந்ததற்கு இந்த ஊர்தான் காரணம். நம் பக்கத்தில் பெண் எடுக்கும் முன் விசாரிப்பார்கள். தெருவில் விசாரிப்பார்கள், காலேஜில் விசாரிப்பார்கள். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வந்தபிறகு எங்களிடமும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். இங்கே வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் யாருக்காவது சித்தி, யாருக்காவது மச்சான். ரிசப்ஷனில் இருந்த ஓர் அம்மா ஒருநாள் அவரிடம் குழைந்துகொண்டு வந்தார். "ஒரே ஒரு பேரு சார். எங்க அண்ணன் மவனுக்குப் பாக்கற பொண்ணு. நல்ல காரியத்துக்குத்தானே கேக்கறேன்?" சார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நல்ல காரியம்னா அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயி நேரா கேளுங்க. காப்பி குடுப்பாங்க" என்றார். அந்த அம்மா அவரோடு பேச்சையே விட்டார்.

பிறகு ஆஸ்பத்திரி முதலாளியான எம்.டி.யின் மைத்துனர் மேனேஜராக வந்தார். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தால்தான் கவுண்டரில் கூட்டம் குறையுமாம். முடியாது என்று மீட்டிங்கிலேயே சார் சொன்னார். எங்களுக்கு மென்பொருள் விற்ற கம்பெனிக்கு மேனேஜர் ஒரு போன் போட்டார். எல்லா யூசருக்கும் எல்லா டேபிளையும் படிக்கும் அனுமதி கிடைத்தது. அனுமதி கொடுக்கவும் எடுக்கவும் சாரிடம் இருந்த அதிகாரம் கம்பெனிக்குப் போனது.

சம்பா அறுவடை முடிவதற்குள் வினை வந்து சேர்ந்தது. கீழ்வேளூர்ப் பெண் ஒருத்தி, சின்ன வயதில் எங்களிடம் வலிப்புக்கு வைத்தியம் பார்த்துக் குணமானவள். பத்திரிகை அடித்தபிறகு கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டுக்கு எங்கள் ஸ்டாஃப் ஒருவர் சொந்தம்; பழைய வலிப்பு விஷயம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. பெண்ணின் அப்பா அறுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, "இங்க கம்ப்யூட்டர் பாக்கறது யாருய்யா?" என்று கத்தினார். மேனேஜர் கூசாமல் கலியபெருமாள் சாரைக் காட்டினார். சார் கைகூப்பி நின்றார். "தொறந்தது நான் இல்லீங்க. ஆனா பூட்டி வைக்க வேண்டியவன் நான்தான்."

அடுத்த வாரமே அவரை மருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டி எண்ணுகிற வேலை. "நீங்க எதுக்கு சார் வாங்கிக் கட்டிக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "பொண்ணப் பெத்தவரு யாரையாச்சும் கேக்கணும்ல மேடம்?" என்றார். வேலையை விடுங்கள் என்றேன். "எம் பொண்ணு காலேஜ்ல படிக்குது" என்றார். பழைய ஏற்பாட்டைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நான் எம்.டி.க்கு எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை. சாருக்கு உடம்பு முடியாமல் போனபோது, ஸ்டாஃப் சலுகை இங்கேதான் என்பதால் இங்கேயே படுத்தார். எல்லாம் திறந்து கிடக்கிறது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

இரங்கல் கூட்டத்தில் எம்.டி. மைக்கைப் பிடித்து, "நோயாளிகளின் ரகசியத்தைக் கண்போலக் காத்தவர்" என்று வாய் கூசாமல் பேசினார். மேனேஜர் படத்துக்கு மாலை போட்டார்.

மறுநாள் திருப்பனந்தாளுக்கு, அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் பந்தலில் எங்கள் ஆஸ்பத்திரி ஆட்கள் கூடி வியாதியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். காதில் வாங்காமல் உள்ளே போனேன். அவர் மனைவி என்னை ஏறிட்டுப் பார்த்தார். "வெறும் அசதின்னுதான் என்கிட்ட சொன்னாரு. நான் பயந்துடுவேன்னு மறைச்சிருக்காரு. துக்கம் கேக்க வர்றவங்க எல்லாம் அது என்னன்னு எனக்கு வெளக்குறாங்க. அவரு சொல்ல வேணாம்னு நெனச்சதச் சொல்ல இவங்க யாருங்க? நீங்களும் பாத்தீங்களா?"

"இல்லம்மா."

"உங்க கம்ப்யூட்டர்லயும் இருக்குமே."

"இருக்கு. பாக்கலை."

"சித்த நேரம் இருந்துட்டுப் போங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சாருடைய ரிப்போர்ட்டைத் திறந்தவர்களே, நீங்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்ல இனிமேல் போகாதீர்கள். எல்லோருக்கும் கொடுத்த அனுமதி என் யூசருக்கும் இருக்கிறது. அவர் பெயரைத் தட்டினால் போதும். நான் தட்டவில்லை, தட்டப்போவதும் இல்லை. கலியபெருமாள் சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இவ்வளவுதான்: அவருக்கு என்ன வியாதி என்று எனக்குத் தெரியாது.