வாப்பிங்கில் ஒரு கப்பல் கம்பனியோடு மல்லுக்கட்டியது

கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால்தான் சுடச்சுட எழுதுகிறேன். போன சனிக்கிழமை, என்னோடு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்யும் சாந்தியைக் கூட்டிக்கொண்டு லண்டன் வாப்பிங்குக்குப் போனேன். அங்கே ஆற்றங்கரையில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கி. பாய்க்கப்பல்கள் ஓடிய காலத்துக் கம்பனி ஒன்றின் சாமான்களையும் கடதாசிகளையும் வைத்து அதில் ஒரு சின்ன மியூசியம் நடத்துகிறார்கள். பெயரைப் போட்டால் வக்கீல் கடிதம் வரும் என்று என்னுடைய மனுசன் பயப்படுகிறார், அதனால் போடவில்லை.

சாந்தி தென்னாபிரிக்காவின் டேர்பன்காரி. முழுப்பெயர் சாந்தி வையாபுரி. கழுத்தில் முருகன் பென்ரன் தொங்கும், தமிழ் மட்டும் ஓடாது. நாங்கள் இங்கிலீசில் கதைத்ததைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். நாலைந்து தலைமுறைக்கு முன்னர், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக மதராசில் கப்பலேறிய குடும்பம் அவளுடையது. கப்பலின் பெயர் வாய்வழியாக வந்திருக்கிறது, ஊரின் பெயர் வரவில்லை. இப்போது எண்பது வயதான அவளுடைய தகப்பன் அடுத்த மாதம் சென்னைக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறார். சென்னையில் இறங்கி எந்த ஊருக்குப் போவதென்று அவருக்குத் தெரியாது. அந்த ஒரு ஊர்ப்பெயரைத் தேடித்தான் போனோம்.

மிச்சம் ஜங்ஷனில் காலை 10.10க்கு டிராம் பிடித்தோம். ஆளுக்கு ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ். வெஸ்ட் குரொய்டனில் இறங்கி ஓவர்கிரவுண்ட் ரயிலில் ஏறினால் மாறத் தேவையில்லை, முக்கால் மணித்தியாலத்துக்குள் வாப்பிங். ஸ்டேஷன் படிகள் செங்குத்து, முழங்கால் வருத்தக்காரர் யோசித்துப் போங்கள். அங்கிருந்து ஆற்றோரமாக ஏழு நிமிட நடை. மியூசியத்துக்கு ஆளுக்கு ஒன்பது பவுண். கீழே நிலவறையில் பழைய பயணிகள் பட்டியல்களைப் பார்க்க முன்கூட்டியே பதிய வேணும், ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரைதான். நான் பதிந்திருந்தேன்.

ஒரு மணிவரை மேல்மாடியைச் சுற்றினோம். சும்மா சொல்லக்கூடாது, கப்பல்கள் வடிவுதான். ஒல்லியான உடம்பு, வானத்தைத் தொடுகிற பாய்மரம். சீனத்துத் தேயிலையை யார் முதலில் லண்டனுக்குக் கொண்டுவருவது என்று போட்டி போட்டு ஓடியவை. எந்தக் கப்பல் எத்தனை நாளில் வந்தது, எந்தக் கப்டன் பெண்சாதியையும் கூட்டிவந்தான், அவன் வளர்த்த நாய்க்கு என்ன பெயர், எல்லாவற்றுக்கும் பலகை இருக்கிறது. ஒரு கப்பலின் மூக்கில் நின்ற மரப்பெண்ணுருவத்துக்குத் தனி விளக்குப் போட்டு, பெயரும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிறகு சுயஸ் கால்வாய் திறந்தது, நீராவிக் கப்பல்கள் தேயிலையைப் பறித்துக்கொண்டன. அதற்குப் பிறகு கம்பனி என்ன செய்ததாம்? "புதிய சந்தைகளைக் கண்டடைந்தது." அவ்வளவுதான், ஒரே வரி! தேயிலை ஏற்றின கப்பலில் மனுசரை ஏற்றினோம் என்று எழுத அவர்களுக்குக் கை வரவில்லை. சாந்தி அந்த வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டு அடுத்த பலகைக்கு நகர்ந்தாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

நிலவறையில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார், அறுபது வயதிருக்கும், மரியாதைக்குக் குறைவில்லை. பட்டியலைத் தொட விடமாட்டார், கம்ப்யூட்டரில் அவர்தான் தேடுவார். நான் முந்திக்கொண்டு, "குடும்பப் பெயர் வையாபுரி" என்று கப்பலின் பெயரோடு எழுதிக் கொடுத்தேன். தேடினார், இல்லை. அந்தக் கம்பனியின் மற்றக் கப்பல்களையும் பார்க்கச் சொன்னேன். அங்கேயும் இல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இப்படியே போனது. கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "குடும்பக் கதைகள் அப்படித்தான். சொல்லிச் சொல்லி வளர்ந்துவிடும். உங்கள் ஆட்கள் எங்கள் கப்பலில் வரவில்லை" என்றார். சாந்தி அவருக்கு நன்றி சொன்னாள். நன்றி! எனக்கு அவளிலும் கோபம் வந்தது.

வெளிவாசலில், சட்டையில் ஒட்டின பெயர்த்துண்டைத் திருப்பிக் கொடுக்க வேணும். வாங்கினவர் செக்யூரிட்டி அண்ணை, என்னைப்போல இலங்கைக்காரர், மன்னார் ஆள். என் துண்டைப் பார்த்துவிட்டு,

"தங்கச்சி, செல்லத்துரை எண்டது ஆர்? உங்கடை அவரோ?" என்று கேட்டார்.

"அவரில்லை அண்ணை, அப்பா. செத்துப் பதினெட்டு வருசம். இந்த நாட்டிலை எனக்கு வாற கடிதமெல்லாம் அவற்றை பேரிலைதான் வருது."

"எனக்கும் உதே கதைதான். டொக்டரிட்டைப் போனால் என்ரை அப்பாவைத்தான் உள்ளை கூப்பிடுவாங்கள்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. அட, என்ரை விசர்த்தனமே! எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரைத்தானே பின்னால் போடுகிறோம்! முப்பது வருசமாக இந்த நாட்டில் அப்பாவின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிற நானே, வெள்ளைக்காரன் மாதிரிக் குடும்பப் பெயரில் தேடச் சொல்லி ஒரு மணித்தியாலத்தை நாசமாக்கியிருக்கிறேன். வையாபுரி கப்பலேறியவர் இல்லை, கப்பலேறியவருக்குத் தகப்பன்.

அப்போது 2.35. சாந்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே ஓடினேன்.

"தகப்பன் பெயர் என்று ஒரு நிரல் இருக்குமே, அதில் பாருங்கள்."

"அதில் நாங்கள் தேடுவதில்லை."

"தேடாமல்தானோ இவளுடைய குடும்பத்தைப் பொய்க் கதைக்காரர் என்றீர்கள்?"

என் குரல் நிலவறை முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும். அவர் முகம் சிவந்தது. ஆனால் மனுசன் எழும்பிப் போய் அசல் பட்டியலையே எடுத்துவந்து விரித்தார், விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். நாலாவது பக்கத்தில் விரல் நின்றது.

வள்ளியம்மை. தகப்பன் வையாபுரி. பெண். வயது பத்தொன்பது. வட ஆற்காடு, கீழ்நல்லூர். கூட வந்தோர்: ஒருவருமில்லை.

சாந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "என் அக்காவின் பெயர் வள்ளி. அத்தையும் வள்ளி. மூத்த பெண்ணுக்கு அந்தப் பெயர்தான் வைக்க வேணும் என்பார்கள். முருகனுக்காக என்று நினைத்திருந்தோம்."

தோட்டத்துத் துரைமார் அவளை வள்ளியம்மை வையாபுரி என்று பதிந்திருப்பார்கள். அவளுக்குப் பிறந்த பிள்ளைக்கும் அதுவே குடும்பப் பெயராக ஒட்டியிருக்கும். பிறகு வந்தவர்கள், வையாபுரி என்றொரு ஆம்பிளைதான் கடல் தாண்டி வந்தார் என்று நம்பிவிட்டார்கள். மேலே மரப்பெண்ணுக்கு விளக்குப் போட்டிருக்கிறார்கள், உயிரோடு அந்தக் கம்பனியின் கப்பலில் வந்தவள் கீழே தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் கிடக்கிறாள். அந்த மேல்மாடியில் அவளுக்கும் ஒரு பலகை போடும்வரை மாதாமாதம் கடிதம் எழுதுவதாக இருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள், கேட்டால் பெயரையும் முகவரியையும் தனியாகத் தருகிறேன்.

போகிறவர்களுக்கு: நிலவறைக்கு ஒரு மணிக்கே போய் நில்லுங்கள், மேல்மாடியைப் பிறகு பார்க்கலாம். குடும்பப் பெயரைக் கொடுத்துத் தேடச் சொல்லாதீர்கள். தகப்பன் பெயர் நிரலைக் காட்டச் சொல்லுங்கள், மாட்டோம் என்றால் சத்தம் போடுங்கள். ஆம்பிளையைத்தான் தேட வேணும் என்றும் நினைக்காதீர்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், உள்ளே ஒரு தேத்தண்ணி நாலு பவுண். தேயிலை கொண்டுவந்த கம்பனியின் மியூசியத்தில் அதுவும் வாயில் வைக்கேலாது.

வெளியே வந்து, ஆற்றுக்கு இறங்கும் கற்படியில் குந்தியிருந்து சாந்தி டேர்பனுக்குப் போன் எடுத்தாள். நானும் கேட்க ஸ்பீக்கரில் போட்டாள். ஊரின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். கிழவர் எழுதிக்கொண்டு திருப்பி வாசித்தார். பிறகு வள்ளியம்மையைப் பற்றிச் சொன்னாள்.

"பத்தொன்பது வயசுப் பிள்ளை, தனியாகவா?" என்றார். "நான் வருசா வருசம் வையாபுரித் தாத்தாவுக்குப் படைக்கிறேன். அவர் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டாரா?"

"ஓம் அப்பா. அவர் வரவே இல்லை."

"மகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா?"

"அது பட்டியலில் இல்லை அப்பா" என்றாள் சாந்தி.

"சரி" என்றார் கிழவர். "டிக்கெட் இருக்கிறது. நானே போய்ச் சொல்கிறேன்."