ராசா தலையில் விரிசல்

ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் என் இசைத்தட்டுக் கடைக்கு அடுத்தது ஆ கியோங்கின் நாணயக் கடை. வாராவாரம் அங்கே வந்து என் வியாபாரத்தையும் சேர்த்து மறைத்துக்கொண்டு நிற்பவர் யோக் மூய் அக்கா. கோழிச்சோற்றுக் கடையில் கல்லாவில் உட்காருகிறவர். மற்றவர்கள் பளபளக்கும் காசைத் தேடுவார்கள். இவருக்குக் கோளாறான காசுதான் வேண்டும்.

"கோடு பள்ளமா இருந்தா மனுஷன் கீறினது. மேடா இருந்தா காசு அடிக்கிற அச்சு விரிஞ்சது" என்பார். நகத்தால் தடவியே சொல்லிவிடுவார். தேய்ந்த அச்சில் மழுங்கி விழுந்த எழுத்தை இரட்டை எழுத்து என்று விற்க வந்தவர்களை அழவைத்திருக்கிறார்.

அவர் கைப்பையில் எப்போதும் நான்கு பழைய சதுரச் செப்புக்காசுகள் இருக்கும். நான்கும் ஒரே அச்சில் அடித்தவை. முதலாவதில் ராசாவின் கிரீடத்தில் மயிரிழை விரிசல். நான்காவதில் அது மூலையைத் தொடப்போகிறது. அச்சின் மூலையே உடைந்துபோனபின் அதில் அடித்த காசு ஒன்றாவது இருக்கும், உடைந்த இடத்தில் செம்பு புகுந்து கட்டியாக நிற்கும் என்று பதினோரு வருஷமாகத் தேடினார். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலே வந்துவிட்டது.

போன வாரம் ஆ கியோங் ஒரு சதுரக் காசை எடுத்தான். "வெலை ரெண்டே வெள்ளி, குடுக்கா. மூலையில ஈயம் ஒட்டியிருக்கு. இரு, ராவிக் குடுக்கறேன்." கையில் அரம்.

"டேய்! கைய எடுறா!"

அக்கா போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த இசைத்தட்டு விழுந்தது. ஆ கியோங் முழித்தான். பிறகு விளங்கிவிட்டது, காசைக் கைக்குள் மூடிக்கொண்டான். "அப்படின்னா வெலை வேறக்கா."

எனக்கு வந்ததே கோபம். "ரெண்டு வெள்ளின்னு நீ சொன்னது என் காதுல விழுந்துச்சு. அக்கா கத்தலேன்னா இந்நேரம் ராவித் தள்ளியிருப்ப. வெக்கமாயில்ல?"

முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தான். அக்கா நான்கையும் வரிசையாக அடுக்கி, ஐந்தாவதைப் பக்கத்தில் வைத்தார். பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நானும் குனிந்தேன். கிரீடத்தில் அதே இடத்தில் தொடங்கிய கோடு, நேரே அந்தக் கட்டிக்குள் போய் முடிந்தது. எனக்கே புல்லரித்துவிட்டது.

"செத்துப்போச்சு! செத்துப்போச்சு!" அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். கண்ணெல்லாம் தண்ணீர்.

எதிர்க் காப்பிக்கடைக்காரர் பதறி ஓடிவந்தார். "ஐயோ, யாரும்மா? சொந்தமா?"

"சொந்தந்தாண்ணே!" அக்கா சிரித்தார். "இந்த அச்சு எப்படிச் செத்துச்சுன்னு பதினோரு வருஷமாத் தெரியாம இருந்துச்சு!"